எவரெஸ்ட் பேஸ் கேம்புக்கு ஷெர்பா கைடோடு போவது எப்படி: முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

தமிழ்நாட்டிலேயே உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். தென்னிந்தியா முழுக்க எடுத்துக்கொண்டால் மூணாறு பக்கத்து ஆனைமுடி, 2,695 மீட்டர். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நடை தொடங்கும் லுக்லா விமானத்தளம் 2,845 மீட்டரில் இருக்கிறது. நம் ஊரை விட்டு வடக்கே மலைப்பக்கம் போகாதவர் என்றால், விமானத்திலிருந்து இறங்கிய நிமிடமே உங்கள் உடம்பு இதுவரை பார்க்காத உயரத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து இன்னும் 2,500 மீட்டர் மேலே, 5,364 மீட்டரில் பேஸ் கேம்ப். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் மெரினாவில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி.

பயமுறுத்த எழுதவில்லை. கயிறு, பனிக்கோடாலி எதுவும் இந்த வழியில் தேவையில்லை, வெறும் நடைதான். அறுபது தாண்டியவர்களும் நிதானமாகப் போய் வருகிறார்கள். பாதியில் திரும்புகிறவர்களில் நிறையப் பேர் இளவட்டங்கள், ஜிம்முக்குப் போகிறவர்கள், மூன்று நாள் தூரத்தை இரண்டு நாளில் நடந்தவர்கள். அந்த அவசரத்தைப் பிடித்து நிறுத்த கூடவே ஒரு ஆள் வேண்டும். நல்ல கைடு என்றால் என்னைப் பொறுத்தவரை அதுதான்: "இன்றைக்குப் போக வேண்டாம்" என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவர், சொன்னதால் தன் வேலைக்கு ஆபத்து வராது என்ற தைரியம் உள்ளவர். இப்படி ஒரு ஆளைப் பிடிப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

யாரிடம் பணம் கொடுப்பது

பெரும்பாலானவர்கள் நம் ஊரிலேயே ஏதாவது டூர் கம்பெனியில் பேக்கேஜ் எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் அதை டெல்லியில் ஒருவரிடம் கொடுக்க, அவர் காட்மாண்டுவில் ஒருவரிடம் கொடுக்க, கடைசியில் உங்களோடு பன்னிரண்டு நாள் நடக்கப்போகிற மனிதர் தினக்கூலிக்கு வந்து நிற்பார். கை மாறும்போதெல்லாம் ஒரு பங்கு கழிந்துவிடும். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், நடுவில் இத்தனை பேர் இருந்தால் உங்களை ஒருநாள் கூடுதலாக நிறுத்தி வைக்கக்கூட கைடு யாரிடமோ அனுமதி கேட்க வேண்டிவரும். நேராக காட்மாண்டுவில் பதிவான, ஷெர்பாக்களே முதலாளியாக இருந்து நடத்தும் சின்ன கம்பெனியாகப் பார்த்துப் பிடித்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இருக்காது. முதலாளியே பல வருடம் கைடாக நடந்தவராக இருப்பார், அவர் மச்சான் வழியில் டிங்போச்சே கிராமத்தில் லாட்ஜ் வைத்திருப்பார், சீசனில் மற்றவர்கள் சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சில் படுக்கும்போது உங்களுக்கு ரூம் கிடைக்கும்.

ஷெர்பாக்கள் இப்படி முதலாளிகளானது சும்மா நடந்துவிடவில்லை. 2014 ஏப்ரல் 18 அன்று, பேஸ் கேம்புக்கு மேலே இருக்கும் கும்பு பனியருவியில் பனிச்சரிவு விழுந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அரசு முதலில் அறிவித்த உதவி, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் கொதித்துப்போய் அந்த சீசனில் நேபாளப் பக்கத்திலிருந்து மேலே ஏற மறுத்துவிட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சுமை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் தாங்களே கம்பெனி நடத்தும் போக்கு அதன் பிறகு இன்னும் வேகம் பிடித்தது; இன்றைக்கு எவரெஸ்ட்டில் ஆள் கூட்டிப்போகிற பெரிய கம்பெனிகளில் பல நேபாளிகளுடையவை. குளிர்காலத்தில், உலகின் இரண்டாவது உயரமான கே2 சிகரத்தை முதன்முதலாக 2021 ஜனவரி 16 அன்று தொட்ட பத்துப் பேரும் நேபாளிகள், அதில் ஒன்பது பேர் ஷெர்பாக்கள்.

அதற்காக முதலாளி ஷெர்பா என்று சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு பணம் அனுப்ப வேண்டாம். ஷெர்பா என்பது ஒரு இனம். கைடு வேலை பார்ப்பவர்களில் ராய், தமாங், மகர் இனத்தவரும் நிறைய உண்டு, அருமையாக வேலை பார்க்கிறவர்கள். சுமை தூக்கும் போர்ட்டர்களாக வருகிறவர்களில் பெரும்பாலானோர் கீழ்மலைக் கிராமத்து ஆட்கள். உயரம் பழகாத அவர்களுக்கும் உங்களைப் போலவே மலைநோய், அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் கோளாறு, வரும். போர்ட்டரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தாலே அந்தக் கம்பெனியின் தரம் தெரிந்துவிடும், முதலாளி யாராக இருந்தாலும் சரி.

மூன்று, நான்கு கம்பெனிகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை அனுப்புங்கள். சுற்றுலாத் துறையில் பதிவு இருக்கிறதா, நேபாள ட்ரெக்கிங் ஏஜென்சிகள் சங்கத்தில், அதாவது டானில், உறுப்பினரா என்று கேளுங்கள். உரிமையாளர் எந்த ஊர்க்காரர்? என்னோடு வரப்போகிற கைடு யார், அவர் லைசென்ஸ் அட்டையின் படம் கிடைக்குமா, அவரோடு பத்து நிமிடம் வீடியோவில் பேச முடியுமா? போர்ட்டர் எத்தனை கிலோ தூக்குவார், கைடுக்கும் போர்ட்டருக்கும் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறீர்களா, மேலே அவர்கள் எங்கே தூங்குவார்கள்? நாங்கள் ஆறு பேர் வருகிறோம், அதில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் கைடு அவரைக் கீழே கூட்டிப்போனால் மற்ற ஐந்து பேரோடு யார் நடப்பார்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் துணை கைடு ஒருவர் கூட வருவார் என்ற பதில் வர வேண்டும். "அப்படியெல்லாம் நடக்காது சார்" என்று வந்தால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.

அவர்கள் திருப்பி என்ன கேட்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். வயது என்ன, பிபி, சுகர், ஆஸ்துமா உண்டா, இதற்கு முன் எவ்வளவு உயரம் போயிருக்கிறீர்கள் என்று கேட்பவர் உங்களைப் பற்றி யோசிக்கிறார். முன்பணம் எப்போது வரும் என்று மட்டும் கேட்பவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கைடுக்கு நாளுக்கு 30 டாலரை ஒட்டியும் போர்ட்டருக்கு 20 டாலரை ஒட்டியும் கேட்பார்கள், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பேரம் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் எல்லோரையும் விட மிகக் குறைத்துச் சொல்கிறவர் அந்தக் குறைவைத் தன் லாபத்தில் கழிக்க மாட்டார், போர்ட்டர் கூலியில்தான் கழிப்பார். இரண்டு பேருக்கு ஒரு போர்ட்டர் போதும். ஆளுக்கு 10, 12 கிலோ. பெண்கள் தனியாகவோ குழுவாகவோ போகிறீர்கள் என்றால் பெண் கைடு வேண்டும் என்றே கேட்கலாம், இருக்கிறார்கள்.

கைடே இல்லாமல் போக முடியாதா என்று கேட்பவர்களுக்கு: 2023 ஏப்ரல் முதல் நேபாள சுற்றுலா வாரியம் வெளிநாட்டவருக்கு கைடு கட்டாயம் என்று அறிவித்தது, ஆனால் எவரெஸ்ட் இருக்கும் கும்பு பகுதியின் உள்ளாட்சி தனக்கென்று ஒரு பெர்மிட் முறை வைத்துக்கொண்டு அதை அங்கே அமல்படுத்தவில்லை. பாதையும் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் முதல் முறை போகிறவருக்கு வழி காட்டவா கைடு? உங்கள் முகத்தைப் பார்த்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான்.

எத்தனை நாள்

லுக்லாவிலிருந்து லுக்லா வரை பதினொன்று அல்லது பன்னிரண்டு நாள், அதற்குக் குறைத்து யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாள் லுக்லாவிலிருந்து இறங்கி பாக்டிங் (2,610), மறுநாள் ஏறி நாம்சே பஜார் (3,440). ஒரே நாளில் 830 மீட்டர் ஏற்றம் என்பதால் நாம்சேயில் கட்டாயம் இரண்டு இரவு. நாலாம் நாள் தெங்போச்சே (3,860), ஐந்தாம் நாள் டிங்போச்சே (4,410), அங்கேயும் இரண்டு இரவு. பிறகு லோபுச்சே (4,940), கோரக்‌ஷெப் (5,164), அங்கிருந்து பேஸ் கேம்ப் போய்த் திரும்பி கோரக்‌ஷெப்பிலேயே தூக்கம். மறுநாள் விடியும் முன் காலாபத்தர் மேட்டில் ஏறி இறங்கி, மூன்று நாளில் லுக்லா.

3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். மலை மருத்துவம் சொல்லும் இந்தக் கணக்கைத்தான் மேலே உள்ள அட்டவணை ஓரளவுக்குப் பின்பற்றுகிறது. ஓய்வு நாள் என்றால் போர்வைக்குள் கிடப்பது இல்லை. நாம்சேயில் கைடு உங்களை 3,800 மீட்டர் வரை ஏற்றி, கும்ஜுங் கிராமத்தைக் காட்டிவிட்டு (1961இல் எட்மண்ட் ஹிலாரி கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடம் அங்கேதான்) மதியம் கீழே கொண்டுவந்துவிடுவார். டிங்போச்சேயில் நாங்கர்ட்சாங் மேடு. உயர ஏறி, தாழ்ந்து தூங்குவது. சோம்பல் பட்டு இதைத் தவிர்க்கிறவர்களுக்கு லோபுச்சேயில் தலை வலிக்கும்.

பேஸ் கேம்பிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது என்பதைப் பலர் அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள். பக்கத்து நுப்ட்சே சிகரத்தின் தோள் மறைத்துவிடும். உச்சியை நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் காலாபத்தர்தான், 5,500 மீட்டருக்கு மேல். பன்னிரண்டு நாள் லீவு கிடைக்காதவர்களும் பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்களும் தெங்போச்சே வரை போய்த் திரும்பலாம், ஒரு வாரம் போதும். அங்குள்ள புத்த மடத்தின் முற்றத்திலிருந்தே எவரெஸ்ட்டும் அமா தப்லம் சிகரமும் தெரியும். என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு அதுவே தாராளம்.

மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி, அப்புறம் அக்டோபர், நவம்பர். இந்த இரண்டு சீசனில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் லுக்லா விமானத்தை நம்ப முடியாது. டிசம்பருக்குப் பிறகு வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் மேலே பல லாட்ஜுகள் பூட்டியிருக்கும்.

கிளம்பும் முன்

இந்தியர்களுக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம். விமானத்தில் போகிறவர்கள் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ வைத்திருக்க வேண்டும். 15 வயதுக்கு மேல் 65 வயதுக்குள் இருப்பவர்கள் ஆதாரை மட்டும் நீட்டினால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இலங்கைக்காரர்களுக்கு சார்க் நாட்டவர் என்ற முறையில், வருடத்தின் முதல் வருகைக்கு 30 நாள் விசா இலவசம். இந்த நடைவழி போகும் சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணமும் சார்க் நாட்டவருக்குப் பாதிதான்: மற்றவர்களுக்கு 3,000 நேபாள ரூபாய், நமக்கு 1,500, மேலே வரி. இது போக கும்பு பாசாங் லாமு ஊராட்சிக்கு ஒரு பெர்மிட். 1993இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் நேபாளப் பெண், இறங்கும்போது இறந்துபோன பாசாங் லாமு ஷெர்பாவின் பெயர் அது. இரண்டையும் கைடே வாங்கிவிடுவார். சார்க் கட்டணம்தான் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பில்லைப் பாருங்கள்.

நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது நிலையான மாற்று. நாம்சேயைத் தாண்டினால் ஏடிஎம் கிடையாது, அதனால் மேலே செலவாகப்போகிற பணத்தை காட்மாண்டுவிலேயே நேபாள ரூபாயாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் ஊரில் விற்கும் பயண பாலிசிகள் பலவற்றில் மலையேற்றமே சேராது, சேர்ந்தாலும் 3,000 அல்லது 4,000 மீட்டரோடு நின்றுவிடும். 6,000 மீட்டர் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பும் அடங்கும் என்று எழுத்தில் இருக்கிற பாலிசிதான் வேண்டும். கோரக்‌ஷெப்பிலிருந்து ஒரு ஹெலிகாப்டர் காட்மாண்டு வர சில ஆயிரம் டாலர் ஆகும். இதில் ஒரு அசிங்கமான பக்கமும் உண்டு: லேசான தலைவலிக்குக்கூட பயமுறுத்தி ஹெலிகாப்டரில் ஏற்றி, ஆஸ்பத்திரி வரை எல்லோரும் கமிஷன் பார்க்கும் மோசடியை 2018இல் நேபாள அரசு விசாரித்தது. அதனால் இன்சூரன்ஸ் கம்பெனியின் அவசர நம்பரை நீங்களும் வைத்திருங்கள், கைடும் வைத்திருக்கட்டும். உயிர்போகிற நிலை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் முதலில் அவர்களுக்கு போன், பிறகு ஹெலிகாப்டர். பாதி நேரம் ஐநூறு மீட்டர் நடந்து இறங்கினாலே சரியாகிவிடும்.

உடற்பயிற்சி மூன்று மாதம் முன்பே தொடங்கட்டும். ஓட வேண்டாம், ஏறுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு அபார்ட்மென்ட் மாடிப்படியே போதும், முதுகில் ஆறேழு கிலோ பையோடு முக்கால் மணி நேரம் ஏறி இறங்குவது. மாதம் ஒருமுறை பர்வதமலையோ சதுரகிரியோ, சீசன் இருந்தால் வெள்ளியங்கிரியோ போய் வாருங்கள். ஏறுவதை விட இறங்குவதில் கவனம் வையுங்கள், முட்டி அங்கேதான் கெடும். இதெல்லாம் காலுக்குத்தான். உயரத்துக்குக் கடற்கரை ஊரில் பயிற்சி எடுக்க வழியே கிடையாது, எவ்வளவு ஃபிட்டாக இருந்தாலும் மலைநோய் வரலாம்.

ஷூ மட்டும் இங்கேயே வாங்கி, குறைந்தது ஒரு மாதம் அதோடு நடந்து காலுக்குப் பழக்கிவிடுங்கள். டவுன் ஜாக்கெட்டையும் (உள்ளே இறகு அடைத்தது) ஸ்லீப்பிங் பேக்கையும் காட்மாண்டு தமேலில் நாள் வாடகைக்கு எடுக்கலாம், ஊரிலிருந்து தூக்கிப்போகத் தேவையில்லை. பருத்தித் துணியும் ஜீன்ஸும் வேண்டாம், வேர்வையில் நனைந்தால் காயாது, குளிரும். உடம்போடு ஒட்டி ஒரு லேயர், மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்று நுழையாத ஜாக்கெட், சாயங்காலத்துக்கு டவுன். மூக்கையும் வாயையும் மூட ஒரு பஃப், அதாவது கழுத்தில் மாட்டும் குழாய்த் துணி, கட்டாயம், டிங்போச்சேக்கு மேலே வறண்ட காற்றும் தூசியும் சேர்ந்து கொடுக்கிற கும்பு இருமலிலிருந்து அது ஓரளவு காப்பாற்றும். ஹெட்லாம்ப், நல்ல கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன், டிஷ்யூ, தண்ணீர் சுத்திகரிப்பு மாத்திரை, இரண்டு லிட்டர் பாட்டில். பாட்டில் கொதிநீர் தாங்குவதாக இருக்கட்டும். ராத்திரி லாட்ஜில் சுடுதண்ணீர் நிரப்பி ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டால் காலடி கதகதப்பாக இருக்கும், போனையும் பவர் பேங்கையும் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் பேட்டரி செத்துவிடும்.

லுக்லா

சீசன் நேரத்தில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காட்மாண்டுவிலிருந்து போகாது, ராமேசாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து போகும். அங்கே போக நாலைந்து மணி நேரம் ஜீப், அதனால் காட்மாண்டுவில் இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கே எழுப்பிவிடுவார்கள். ஆளுக்கு 15 கிலோதான், கைப்பையும் சேர்த்து. லுக்லா ஓடுதளத்தின் நீளம் 527 மீட்டர், அதுவும் சரிவு, ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. மேகம் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஊர் திரும்பும் டிக்கெட் போடும்போது குறைந்தது இரண்டு நாள் உபரியாக வையுங்கள். விமானம் பயமாக இருக்கிறது என்பவர்கள் சல்லேரி வரையோ அதற்கு மேலேயோ ஜீப்பில் போய் நடக்கலாம், முதுகு உடையும், ஆனால் உயரம் மெதுவாகக் கூடுவதால் உடம்புக்கு நல்லதுதான்.

நடக்கும்போது

முதல் நாளிலிருந்தே கைடு சொல்லப்போகிற வார்த்தை "பிஸ்தாரை, பிஸ்தாரை". மெதுவாக, மெதுவாக. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். அவர் உங்களுக்கு முன்னால் ஆமை மாதிரி போவதைப் பார்த்து எரிச்சல் வரும், முந்தாதீர்கள்.

பாதையில் கோவேறு கழுதைகளும் ஜொப்கியோ எனும் யாக் கலப்பு மாடுகளும் கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை சுமந்து வரும். மணிச்சத்தம் கேட்டதும் மலைப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் ஒருநாளும் வேண்டாம். முதுகுச் சுமை இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும், மாடு உங்களைப் பார்த்து விலகாது, லேசாக இடித்தாலே கீழேதான். தொங்குபாலத்தில் அவை ஏறிவிட்டால் மறுகரையிலேயே காத்திருங்கள். மந்திரம் செதுக்கிய மணிக்கல் சுவர்கள் வந்தால் அது உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி, அதாவது பிரதட்சிணமாக, தாண்டிப் போக வேண்டும். நமக்கு இதைச் சொல்லித்தரத் தேவையே இல்லை.

வழியில் பாசாங், தாவா, பெம்பா என்று ஒரே பெயர்களாகவே காதில் விழும், காரணம் ஷெர்பாக்கள் பலருக்குப் பிறந்த கிழமைதான் பெயர். திங்கள் தாவா, செவ்வாய் மிங்மா, புதன் லாக்பா, வெள்ளி பாசாங், ஞாயிறு நிமா. உங்கள் கைடைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கும்போது ஊர்ப்பெயரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் ஆள் மாறிவிடும்.

சாப்பாட்டுக்கு நம் ஆட்களுக்குப் பிரச்சினையே கிடையாது. தால் பாத் என்றால் சோறு, பருப்பு, காய், ஊறுகாய், கேட்டால் மறுபடியும் போடுவார்கள், கைடும் போர்ட்டரும் சாப்பிடுவதும் அதைத்தான், அதனால் சூடாக, புதிதாக இருக்கும். பீட்ஸா கேட்டால் எப்போது செய்ததோ தெரியாது. நாம்சேக்கு மேலே கறி வேண்டாம். பூங்காவுக்குள் விலங்குகளை வெட்டுவதில்லை, கீழேயிருந்து நாள்கணக்கில் முதுகில் ஏறி வருகிற கறி அது. நாலாயிரம் மீட்டருக்கு மேலே பசி செத்துப்போகும், அப்போது ஒரு பொட்டலம் பருப்புப்பொடியும் தக்காளித் தொக்கும் கையில் இருந்தால் தட்டு காலியாகும். ரூம் வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் நீங்கள் அங்கேயே சாப்பிடுவீர்கள் என்பதுதான், தங்குவது ஒரு இடம் சாப்பிடுவது ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மேலே போகப் போக விலை ஏறும், சார்ஜ் போட, குளிக்க, வைஃபைக்கு எல்லாம் தனிக் காசு. ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவர் முதுகில் வந்தது என்று நினைத்துக்கொண்டால் பில்லைப் பார்த்துக் கோபம் வராது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2020லிருந்து கும்புவில் தடை, பாட்டில் தண்ணீர் வாங்காமல் மாத்திரை போட்டே குடிக்கலாம்.

மலைநோய்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். உயரத்தில் வருகிற தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தூக்கமின்மை எல்லாவற்றையும் வேறு காரணம் உறுதியாகும்வரை மலைநோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். "மதியம் தண்ணீர் குடிக்கவில்லை, அதுதான்" என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்வீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. அதே இடத்தில் தங்கியும் கூடினால் இறங்க வேண்டும், ராத்திரியாக இருந்தாலும். உடம்பு முடியாதவரைத் தனியாக விடவோ தனியாக இறங்க அனுப்பவோ கூடாது.

நல்ல கைடு இதையெல்லாம் உங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டார், கவனித்தே கண்டுபிடித்துவிடுவார். ராத்திரி சாப்பாட்டுக் கூடத்தில், சாணி வறட்டி எரிகிற அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, யார் தட்டில் பாதிச் சோறு மிச்சம், யார் பேச்சைக் குறைத்துவிட்டார், யார் ஷூ லேசைக் கட்ட இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். சந்தேகம் வந்தால் தரைப்பலகையின் கோட்டின் மேலே ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நடக்கச் சொல்வார். விளையாட்டுக்கு இல்லை. தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம், குழறிப் பேசுவதும் அதன் அறிகுறி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, நுரையோ ரத்தச்சாயலோ கலந்த சளியோடு இருமினால் நுரையீரலில் நீர். இரண்டும் சில மணி நேரத்தில் ஆளைக் கொல்லக்கூடியவை, இரண்டுக்கும் முதல் வைத்தியம் உடனே இறங்குவது. ஆக்சிஜன், மருந்து எல்லாம் இறங்குவதற்குத் துணை.

டயமாக்ஸ் மாத்திரை பற்றி எல்லோரும் கேட்பார்கள். தடுப்புக்காக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை என்பது வழக்கமான அளவு, ஆனால் உங்கள் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம், சல்ஃபா அலர்ஜி உள்ளவர்கள் முக்கியமாக. விரல் நுனி மரத்துப் போகும், ராத்திரி அடிக்கடி எழுந்திருக்க வேண்டிவரும். மாத்திரை போட்டுவிட்டோம் என்று அட்டவணையைச் சுருக்கக் கூடாது. தூக்க மாத்திரையும் ஏறும் நாட்களில் பீரும் வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு, 5,000 மீட்டரில் 80 சதவீதத்தை ஒட்டிக் காட்டுவது சாதாரணம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு.

டிங்போச்சேக்குப் பக்கத்துக் கிராமமான பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிறு மருத்துவமனை 1973லிருந்து இருக்கிறது. சீசனில் மதியம் மலைநோய் பற்றி இலவசமாகப் பேசுவார்கள். டிங்போச்சே ஓய்வு நாளில் நடந்து போய்க் கேட்டுவிட்டு வரலாம். போர்ட்டரையும் கூட்டிப்போங்கள்.

கைடு திரும்பலாம் என்றால் திரும்புங்கள். வாதாடாதீர்கள், "இவ்வளவு செலவு பண்ணி வந்தேனே" என்று அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். லோபுச்சேக்கு முன்னால் துக்லா மேட்டில் வரிசையாகக் கல்மேடுகள் இருக்கும், மலையில் இறந்தவர்களுக்கானவை, அதில் நிறைய ஷெர்பாக்களின் பெயர்கள். வழியில் எப்படியும் அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்குவீர்கள், பெயர்களைப் படித்துப் பாருங்கள்.

இறங்கி வரும்போது

இறங்குவது வேகமாக இருக்கும், முட்டிக்காகக் கைத்தடி இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாம்சேயில் ஒரு கிலோ குப்பைப் பை கிடைக்கும், அதை லுக்லா வரை சுமந்து வந்து கொடுக்கும் ஏற்பாட்டை சாகர்மாதா நெக்ஸ்ட் அமைப்பு நடத்துகிறது. பையில் எப்படியும் இடம் இருக்கும், ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் உள்ளவர்கள் நாம்சேயிலிருந்து ‘தாமே’ என்ற கிராமத்துக்கு ஒருநாள் ஒதுக்கலாம். டென்சிங் வளர்ந்த ஊர், எவரெஸ்ட்டை உலகிலேயே அதிகத் தடவை ஏறிய காமி ரீத்தாவின் ஊர். 2024 ஆகஸ்ட் 16இல் மேலே பனி ஏரி உடைந்து வந்த வெள்ளம் அந்தக் கிராமத்தின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. அங்கே ஒரு இரவு தங்கிச் சாப்பிட்டால் அந்தப் பணம் நேராக அவர்களுக்குப் போகும்.

டிப்ஸ் லுக்லாவில் கடைசி ராத்திரி கொடுப்பது வழக்கம். குழுவாகப் போனால் எல்லோரும் சேர்த்துப் போடுங்கள், ஆனால் கைடுக்கு ஒரு கவர், ஒவ்வொரு போர்ட்டருக்கும் தனித்தனிக் கவர், நேபாள ரூபாயில், அவரவர் கையில். மொத்தமாக ஒருவரிடம் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொன்னால் கடைசி ஆளுக்கு எவ்வளவு போகும் என்று சொல்ல முடியாது. இனிமேல் தேவைப்படாத கையுறை, ஜாக்கெட் இருந்தால் போர்ட்டரிடமே கேட்டுக் கொடுங்கள், அல்லது காட்மாண்டு தமேலில் கீப் என்ற அமைப்பு போர்ட்டர்களுக்கென்று ஒரு உடை வங்கி வைத்திருக்கிறது, அங்கே கொடுக்கலாம். அடுத்த சீசனில் நண்பர்கள் யாராவது கேட்டால் கம்பெனி பெயரோடு கைடின் பெயரையும் போன் நம்பரையும், அவரிடம் கேட்டுவிட்டு, சேர்த்துக் கொடுங்கள். சின்ன கம்பெனிக்காரர்களுக்கு வேலை பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.